அலைச்சறுக்கு அறியாதார்க்கு ஒரு தீவு

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் தவறாது எழும் பேச்சு ஒன்று உண்டு. இம்முறை எங்கே போவது? பிறந்த ஊருக்கு என்பர் பெரியோர். தீவுக்கு என்பர் பிள்ளைகள். நீலக் கடலும் வெண்மணலும் சாய்ந்த தென்னையும் நாள்தோறும் கைப்பேசியில் கண்முன் வந்து நிற்கையில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயினும் மாலத்தீவு வரைபடத்தில் அருகில் இருக்கிறதே ஒழிய, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர்க்கு அருகில் இல்லை. இலட்சத்தீவுக்கோ முன்னதாகவே அனுமதிச் சீட்டுப் பெற்றாக வேண்டும். பெரும்பாலும் கொச்சிக்குப் போய்க் கப்பலோ விமானமோ ஏற வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. கடற்கரை என்றாலே இக்காலத்து இளைஞர் கேட்பது அலைச்சறுக்கு. பலகைமேல் நின்று அலையின் முதுகில் சறுக்கி வரும் அவ்விளையாட்டைச் சென்னைக்கருகிலுள்ள கோவளத்திலும், பெயரால் அதற்கு உடன்பிறப்பான கேரளத்துக் கோவளத்திலும், வர்க்கலையிலும் கற்றுக் கொடுக்கின்றனர். நல்ல விளையாட்டே. ஆனால் மூட்டு வலியுள்ள தாயாரையும், நீச்சல் அறியாத மனைவியையும், ஆறு வயதுச் சிறுமியையும் அழைத்துச் செல்லும் குடும்பத் தலைவர்க்கு அதனால் ஆவது என்ன? பலகை ஏறுவோரைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கவா பணம் செலவிட்டுப் போவது?

இத்தகையோர்க்கென்றே பாறசாலைக்கு மேற்கிலும் நெய்யாற்றின்கரைக்குத் தெற்கிலும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் பூவார். தை மாதத்தில் மூன்று குடும்பத்தார் சேர்ந்து அங்கே ஒரு பகல் கழித்து வந்தோம். நம்மவர் பலர் கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் பாறசாலை ரயில் நிலையத்தை ஆண்டுதோறும் கடந்தும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த நீர்நிலத்தை எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பூவார்த் தீவு என்று விளம்பரங்களில் காண்பது, பள்ளிப் பாடத்தில் படித்த பொருளில், நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு அன்று. அகத்தியர் மலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு, கடலைத் தொடும் முன் தயங்கிப் பரந்து காயலாகக் கிடக்கிறது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டு ஒன்று. ஆற்றின் கிளைகளும் கால்வாயும் சேர்ந்து ஆங்காங்கே நிலத்தைத் துண்டாக்கி வைத்திருக்கின்றன. சில விடுதிகளுக்குப் படகிலன்றிப் போக வழியில்லை. தீவு என்னும் சொல்லை விடுதிக்காரர் இதற்குச் சூட்டியது வாணிப நோக்கத்தால். எனினும் அங்கே போய் நின்றபின் அச்சொல்லோடு வழக்காட நமக்கு மனம் வரவில்லை.

ஆறு கடலில் விழும் வாயைக் குமரி மாவட்டத்தாரும் நெய்யாற்றின்கரை வட்டத்தாரும் 'பொழி' என்பர். பொழியூர் என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல் கேட்கிறது. பொழி ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இராது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். மழை ஓய்ந்து ஆறு மெலிந்ததும் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். அடைபட்ட நீர் காயலோரத்து வீடுகளில் ஏறும்போது ஊரார் மண்வெட்டியோடும் எந்திரத்தோடும் வந்து பொழியை வெட்டிவிடுவதும் உண்டு. பொழி திறந்திருக்கையில் மணல் திட்டு துண்டுபட்டுத் தீவு போல் நிற்கும். மூடியிருக்கையில் கடலோரமாகவே நடந்து கடக்கலாம். ஆண்டில் சில மாதம் தீவாகவும் சில மாதம் கரையாகவும் இருக்கும் இடத்தை என்ன சொல்லி அழைப்பது என்பதை நேயர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வர். முன்பு இவ்வூர் போக்குமூசாபுரம் எனப்பட்டதாம். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், பட்டமேறும் முன் பகைவர்க்கு அஞ்சி மறைந்து திரிந்த நாளில், மூசா மரைக்காயர் என்னும் வணிகர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தாராம். மறுநாள் ஆற்றில் செம்மலர்கள் மிதந்து வருவதைக் கண்டு, இது பூவாறு அன்றோ என்றாராம். கதை எவ்வாறாயினும், அடைக்கலம் தந்தவர் இஸ்லாமிய வணிகர் என்பதை இவ்வூரார் இன்றும் மறவாது சொல்வது கேட்க இனிதாக இருக்கிறது. அதே மன்னர் ஒரு பலாமரத்துப் பொந்தில் ஒளிந்ததாகச் சொல்லப்படும் கதையும் உண்டு. அந்த மரத்தின் எச்சத்தை 'அம்மச்சிப் பிலாவு' என்று நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பேணி வருகின்றனர். வழியில் இறங்கிப் பார்க்கலாம். செலவு ஏதும் இல்லை.

இனிப் பயணச் செலவு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருவோர் பாறசாலையிலும், திருவனந்தபுரத்திலிருந்து வருவோர் நெய்யாற்றின்கரையிலும் இறங்குவது வசதி. இரண்டு நிலையங்களுக்கும் இடையே அமரவிளை, தனுவச்சபுரம் என இரண்டே சிறு நிறுத்தங்கள். சாதாரணப் பயணிகள் வண்டியில் ஏறினால் கட்டணம் மிகக் குறைவு. விரைவு வண்டிகளை நம்பி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டாம், எல்லா வண்டிகளும் இங்கே நிற்பதில்லை. இரண்டு ஊர்களிலும் கேரள அரசுப் பஸ் நிலையம் உண்டு; பூவாரிலும் உண்டு. 2022-ஆம் ஆண்டு மே முதல் கேரளத்துச் சாதாரணப் பஸ்ஸில் குறைந்த கட்டணம் 10 ரூபாய். நெய்யாற்றின்கரையிலிருந்து பூவார் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து 30 கிலோமீட்டர். ஆக, ஒரு குடும்பத்தின் பஸ் செலவு பிள்ளைகளின் ஐஸ்கிரீம் செலவைவிடக் குறைவாகவே முடியும்.

பஸ் நிலையத்தருகே ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வந்து, பூவாருக்குப் பஸ் இப்போது இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பூவார்ப் பலகை தாங்கிய பஸ் வந்து நின்றது. அவரும் சிரித்தார், நாமும் சிரித்தோம். பலகைகள் பெரும்பாலும் மலையாளத்திலேயே இருக்கும். எழுத்துப் படிக்கத் தெரியாதோர் நடத்துநரிடம் கேட்டால் போதும். இப்பக்கத்தில் தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை வரும்.

செலவு என்று சொல்லத்தக்கது படகுக் கூலி ஒன்றே. இதில்தான் நம்மவர் ஏமாறுகின்றனர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே படகுக்கு ஆள் பிடிப்போர் சூழ்ந்துகொள்வர். சிலர் தலைக்கு இவ்வளவு என்பர். சிலர் படகுக்கு இவ்வளவு என்பர். ஒரு மணி நேரம் என்று ஒருவர் சொல்வது இன்னொருவர் கணக்கில் நாற்பது நிமிடமாக இருக்கும். ஆகவே தொகையைக் கேட்கும் முன் மூன்றைக் கேட்க வேண்டும்: படகில் எத்தனை பேர், எத்தனை நேரம், எதுவரை. இந்த மூன்றும் முடிவானபின் கூலி தானே இறங்கி வரும். முதலில் கேட்ட தொகையில் ஏறத்தாழப் பாதிக்கு நமக்குப் படகு கிடைத்தது; நாம் பேரம் பேசுவதில் வல்லவர் அல்லர் என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்க. படகு முழுவதையும் பேசிக்கொண்டு இரண்டு மூன்று குடும்பங்கள் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு நகரத்துத் திரைப்பட அரங்கில் ஒரு மாலையைக் கழிப்பதற்கு ஆவதை மிஞ்சாது.

கூலியைக் குறைக்கலாம், பாதுகாப்பைக் குறைக்கலாகாது. 2023-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களில் பிள்ளைகள் பலர்; ஒரே குடும்பத்தைச் சேர்ந்தோர் பலர். இருட்டியபின், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்ற படகு அது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் 45 உயிர்கள் போயின. ஆகவே எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளை ஏற்றினாலும் இறங்கிவிட வேண்டும். மிதவை உடுப்பை இருக்கைக்கு அடியில் கிடக்க விடாமல் மேலே அணிந்து கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் அளவுக்கு உடுப்பு உண்டா என்று கேட்க வேண்டும். புழுக்கமாக இருக்கிறது என்று நம் பெண்டிரில் ஒருவர் கழற்ற முற்பட்டார். படகோட்டி எந்திரத்தை நிறுத்திவிட்டார். "அம்மா, அத மாட்டுனாத்தான் வள்ளம் போகும்" என்றார். அவருக்கு நம் நன்றி.

படகு முதலில் நெய்யாற்றின் அகன்ற பரப்பை விட்டுக் குறுகிய ஓடைகளுக்குள் நுழைகிறது. கண்டல் மரங்கள் இருமருங்கும் வேர்களைச் சேற்றில் ஊன்றிக் கூரை போல் கவிந்து நிற்கின்றன. எந்திரத்தின் ஓசையைத் தணித்ததும் நீரில் இலை விழுவது கூடக் கேட்கும். தாழை மடல்களுக்கிடையே சிறிய மீன்கொத்தி ஒன்று அம்புபோல் பாய்ந்து போயிற்று. நீர்க்காகங்கள் பட்டுப்போன தென்னையின் உச்சியில் சிறகை விரித்துக் காயவைத்துக் கொண்டிருந்தன. செம்பருந்து வட்டமிட்டது. நம்முடன் வந்த சிறுவன் ஒருவன் நகரத்து அடுக்ககத்தில் பிறந்து வளர்ந்தவன். புறாவும் காக்கையும் அல்லாத பறவையைக் கூண்டுக்கு வெளியே கண்டது அவனுக்கு அதுவே முதன்முறை. ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டான். நமக்குத் தெரியாத பெயர்களைப் படகோட்டி சொன்னார். அவர் சொன்னவற்றில் பாதி தமிழ், பாதி மலையாளம், சில இரண்டும் அல்லாத கடற்கரைச் சொற்கள்.

காலையில் போவது நன்று. வெயில் ஏறிய பின் பறவைகள் ஒதுங்கிவிடும். காயல் நடுவே நிழலும் இராது. நாம் எட்டரை மணிக்கெல்லாம் படகில் இருந்தோம். பத்து மணிக்குப் பின் வந்த படகுகளில் பாட்டுச் சத்தம் கேட்டது. அதைக் கேட்க இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை.

ஓடையை விட்டு வெளியே வந்தால் பாறைகள் தென்படுகின்றன. யானை படுத்திருப்பது போன்றதொரு பாறை. இன்னொரு பாறைமேல் அன்னை மரியின் சிலை. மிதக்கும் உணவு விடுதிகளும் உள. அவற்றின் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பினோம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையும் தயிர்ச்சோறும் இருக்கையில் நமக்கு என்ன குறை? ஆனால் உண்ட இலையையும் நெகிழிப் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். காயலில் மிதந்த குப்பையைக் கண்டு வருந்தினோம். அதில் நம் பங்கும் சேரலாகாது.

பிறகு படகு மணல் திட்டில் ஒதுங்குகிறது. இடப்புறம் அசையாத காயல். வலப்புறம் அறுபது எழுபது தப்படியில் அரபிக்கடல். ஒரே இடத்தில் நின்று இருபுறமும் திரும்பிப் பார்த்தால் இரண்டு வேறு நாடுகள் போல் இருக்கின்றன. தீவுக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்பு பிள்ளைகளுக்கு மட்டுமன்று, நமக்கும் அங்கேதான் வந்தது. மணல் பொன்னிறம், கால் புதையும் பருமணல். வெறுங்காலோடு நடக்க ஏற்றது, பதினோரு மணி வரையில்.

இங்கேதான் நாம் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வருகிறது. அந்தக் கடலில் இறங்கக் கூடாது. முழங்கால் அளவு கூட வேண்டாம். இக்கரை சரிவு மிகுந்தது. அலை தூரத்தில் உடைந்து தணிந்து வருவதில்லை. கரையை ஒட்டி எழுந்து ஒரேயடியாக விழுகிறது. விழுந்த நீர் திரும்பும் வேகத்தில் காலடி மணலையும் பறித்துக்கொண்டு போகும். பொழி திறந்திருக்கும் நாட்களில் ஆற்று நீரும் உள்ளிழுக்கும். அலைச்சறுக்கில் தேர்ந்தவரும் இங்கே பலகையை எடுப்பதில்லை என்றார் படகோட்டி. "சாரே, காயல்ல கால் நனைச்சுக்கோ. அந்தப் பக்கம் கண்ணால மட்டும் பாரு" என்பது அவர் சொன்ன விதி. நாம் சென்ற நேரத்தில் அந்த மணல் திட்டில் காவற்பணியாளர் எவரையும் காணவில்லை. எனவே பிள்ளைகளுக்குக் காவல் பெற்றோரே.

கடல் அமைதியாகத் தோன்றும் நாளும் நம்பத்தக்கதன்று. இக்கரையார் 'கள்ளக்கடல்' என்று ஒன்றைச் சொல்வர். உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் தெளிந்திருக்கும். ஆயினும் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயற்காற்றின் பேரலைகள் சில நாள் பயணம் செய்து இக்கரையில் வந்து ஏறும். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் கள்ளக்கடல். மீனவர் வழக்கில் இருந்த இந்தச் சொல்லையே அறிவியலாரும் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை என்றே அறிவிக்கிறது. 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், குமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் இவ்வாறு எழுந்த அலையில் சிக்கி இறந்தனர். கோடை விடுமுறையே கள்ளக்கடலின் பருவமும் ஆகும். சித்திரை, வைகாசியில் போக எண்ணுவோர் முதல் நாள் எச்சரிக்கை உண்டா என்று பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் போகாதிருத்தல் நலம். மார்கழி, தை, மாசி மூன்றும் நல்ல மாதங்கள்.

பூவாருக்கு வருவோரில் பெரும்பாலோர் மணல் திட்டில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகின்றனர். நம் குடும்பங்கள் அவ்வாறு செய்யலாகாது என்பது நம் கருத்து. ஏனெனில் தெற்கே அடுத்த ஊர் பொழியூர். அதற்கடுத்தது தமிழ்நாட்டின் நீரோடி. நமக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு அங்கேதான் தொடங்குகிறது.

பூவாரிலிருந்து தெற்கே பிரியும் ஒரு கால்வாயைப் படகோட்டி காட்டினார். ஆகாயத்தாமரை படர்ந்து, பாசி மூடி, நீர் இருப்பதே தெரியாதபடி கிடந்தது. அதுவே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் ஆட்சியின் இறுதியாண்டாகிய 1860-இல் தொடங்கப்பெற்றது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைப்பது நோக்கம். அனந்தபத்மநாபன் பெயர், இங்கிலாந்து அரசி பெயர், மன்னர் பெயர் மூன்றையும் சுமந்த அக்கால்வாய் குமரிமுனை வரை போய்ச் சேரவே இல்லை. பூவாரிலிருந்து தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கம் வரை வள்ளங்கள் சரக்கேற்றிச் சென்ற காலம் உண்டு. இன்று பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கிறது. அது மீண்டும் ஓடுமானால் நம் பிள்ளைகள் பூவாரில் ஏறிக் குளச்சலில் இறங்கலாம். ஒரு படகுச் சீட்டில் இரண்டு மாநிலம் பார்க்கலாம்.

இரண்டு மாநிலம் என்பதும் பழைய கதையன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இப்பகுதி முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய கிளர்ச்சியின் பயனாகத் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே விழுந்தது. வீடுகளுக்கு நடுவேயும் விழுந்தது என்றே சொல்ல வேண்டும். அக்காள் ஒரு மாநிலத்திலும் தங்கை ஒரு மாநிலத்திலுமாக இருக்கும் குடும்பங்கள் இங்கே எத்தனையோ. ஆற்று நீருக்கும் எல்லை வந்துவிட்டது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு நிலங்களுக்குப் பாய்ந்த நீர் 2004-ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. தமிழ்நாடு அரசு 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நாம் உல்லாசமாகப் படகு விட்ட நீர் அதே ஆற்று நீர்தான். அதை நினைத்தபோது சற்று நேரம் பேச்சு எழவில்லை.

நம் படகோட்டிக்குத் தாய்வீடு குமரி மாவட்டத்து வள்ளவிளை, வீடு பொழியூர். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டோம். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "எங்க பாச தான்" என்றார்.

பொழியூருக்குப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். பெரிய காட்சிகள் ஒன்றும் இல்லை. கட்டுமரங்களும் கண்ணாடியிழை வள்ளங்களும் கரையேறிக் கிடக்கும். வலை சீர் செய்வோர் நிழலில் அமர்ந்திருப்பர். கடற்கரையில் எந்நேரமும் பந்து உருளும். இவ்வூரார்க்குக் கால்பந்து மேல் உள்ள பற்று கேரளம் முழுதும் அறிந்தது. சந்தோஷ் கோப்பைக்குக் கேரளத்தின் சார்பில் ஆடியோர் இம்மணலில் பழகியவர்கள். நம் பிள்ளைகள் அரைமணி நேரம் அவர்களோடு ஆடினர். எத்தனை கோல் வாங்கினர் என்பதை இங்கே எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

ஆனால் அந்த ஆடுகளமே சுருங்கி வருகிறது. பொழியூரிலும் தெற்குக் கொல்லங்கோட்டிலும் கடல் ஆண்டுதோறும் கரையை அரித்து வீடுகளைக் கொண்டுபோகிறது. கரையோரச் சாலை இருந்த இடம் என்று ஒரு முதியவர் கடலுக்குள் கை காட்டினார். தமிழ்நாட்டுப் பக்கம் போடப்பட்ட கல் தடுப்புகளால் அரிப்பு இப்பக்கம் திரும்பிவிட்டது என்பது பொழியூரார் குறை. எல்லைக்கு அப்பால் கேட்டால் அவர்களுக்கும் ஒரு குறை இருக்கும். மணலுக்கு மாநில எல்லை தெரியாது. கல் போடுவோர்க்கு அது மட்டுமே தெரிகிறது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது பொழியூரிலும் நீரோடியிலும் வள்ளவிளையிலும் தூத்தூரிலும் ஒருங்கே ஒப்பாரி எழுந்தது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் எல்லைக்கு இருபுறமும் உண்டு. நாம் அலையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மாலைப் பஸ்ஸில் ஏறிவிடுவோம். அவர்கள் அந்த அலையோடுதான் இரவு உறங்க வேண்டும். விடுதி விளம்பரத்தில் காட்டும் தீவில் இவர்களைக் காண முடியாது. பிள்ளைகள் காணவேண்டிய தீவு இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

உணவைப் பற்றிச் சில சொற்கள். கட்டுச்சோறு வேண்டாம் என்போர் பூவார்க் கடைத்தெருவிலுள்ள சிறிய உணவுக் கடைகளை நாடலாம். மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துப் பிசைந்ததும் மீன் குழம்பும் இப்பக்கத்துக்கே உரிய இணை. குழம்பில் புளிக்குப் பதில் குடம்புளி சேர்ப்பர். நம் நாவுக்கு முதல் கவளம் புதிதாக இருக்கும், மூன்றாவது கவளத்தில் பழகிவிடும். காயல் கரிமீன் விலை மிகுந்தது. சாளையும் நெத்திலியும் மலிவு, சுவையில் குறைவில்லை. சைவ உணவினர்க்குத் தேர்வு குறைவு. அவர்கள் நெய்யாற்றின்கரையிலேயே உண்டுவிட்டு வருவது நல்லது.

பகல் மீதமிருந்தால் அருவிப்புறம் போகலாம். நெய்யாற்றங்கரையிலேயே, நெய்யாற்றின்கரைக்குச் சிறிது தொலைவில் மேல்நோக்கி இருக்கிறது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவிய இடம் அது. கோயிலுக்குள் நுழையவே உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அவர்கள் இனத்தவரே ஒருவர் கடவுளை நிறுவித் தந்தார். ஆறு அங்கே பாறைகளுக்கிடையே சலசலத்து ஓடுகிறது. காலையில் கடல்வாயில் கண்ட அதே ஆறா இது என்று வியப்பாக இருக்கும்.

முதியோரை அழைத்துச் செல்வோர்க்கு ஒரு குறிப்பு. படகுத் துறைகளில் சிலவற்றில் படி உயரம், கைப்பிடி இல்லை. ஏறும் முன் துறையைப் பார்த்து, படி தாழ்ந்த துறையிலிருந்தே படகைப் பேசிக்கொள்ள வேண்டும். மணல் திட்டில் கழிப்பிட வசதியை எதிர்பார்க்கக் கூடாது. பெண்டிர் பஸ் நிலையத்திலேயே அதை முடித்துக்கொள்வது நலம். குடிநீர், குடை, மாற்றுடை ஒன்று, முதியோர்க்கு ஒரு சிறு மடக்கு நாற்காலி, இவை போதும். கையில் சில்லறை இருக்கட்டும்.

பொழியூர்க் கரையில் மீன் வாங்க விரும்புவோர் இறுக மூடும் பாத்திரம் ஒன்று கொண்டு செல்க. நாம் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தோம். பாறசாலை வரை நமக்குப் பஸ்ஸில் இடநெருக்கடியே இருக்கவில்லை.